நாட்டு நீலாம்பல்: விதை, தொட்டி, ஊரணி

தொட்டிச்செடி

வணக்கம். நர்சரியில் ‘நாட்டு நீல அல்லி’ என்று விற்கும் செடியில் இலையின் நடுவே குட்டிச் செடி முளைக்கிறது. இது நம் குளங்களில் இருக்கும் ரகம்தானா? இல்லையென்றால் அசல் நீலாம்பலை விதையிலிருந்து வளர்க்க முடியுமா? இடம் மொட்டை மாடி. 60 செ.மீ. விட்டமுள்ள புது சிமெண்ட் தொட்டி, ஆழம் 45 செ.மீ. வெயில் 6 மணி நேரம் விழும். போர் தண்ணீர், கொஞ்சம் உப்பு.

கரம்பை

இலைக்காம்பு இலையைத் தொடும் புள்ளியில் குட்டி வந்தால் அது நம் குளத்துச் செடி இல்லை. அந்தக் குணம் மேற்கு ஆப்பிரிக்காவின் நிம்ஃபேயா மைக்ராந்தாவுக்கு உரியது. அதன் வழி வந்த தோட்டக் கலப்பினங்கள்தான் நர்சரிகளில் அதிகம். இலையை ஒடித்து மிதக்கவிட்டாலே புதுச் செடி கிடைத்துவிடுவதால் வியாபாரத்துக்கு வசதி.

நம்முடையது நிம்ஃபேயா நௌச்சாலி. 1768-ல் பர்மன் வைத்த பெயர். பழைய தாவர நூல்களில் ‘ஸ்டெல்லேட்டா’ என்று இருப்பதும் இதுதான். பார்க்க வேண்டியவை:

இலை வழவழப்பாக இருக்கும், அடிப்பக்கத்திலும் மயிர் இருக்காது. விளிம்பு லேசாக அலை அலையாகப் போகும், ரம்பம் போல் கூராக இருக்காது. பூ காலை வெயில் ஏறும்போது விரிந்து பிற்பகலில் மூடும். நிறம் வெளிர்நீலம், வெள்ளை, சில குளங்களில் இளஞ்சிவப்பு ஓடிய வெள்ளை. கேசரங்கள், அதாவது நடுவில் மகரந்தம் தரும் இழைகள், மஞ்சள். வெளிவரிசைக் கேசரங்களின் நுனியில், மகரந்தப் பைக்கு மேலே, இதழ் நிறத்திலேயே சின்னத் துணுக்கு நீண்டிருக்கும். புறவிதழ் நான்கு.

இதழ் எண்ணிக்கையை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். நம் பக்கம் பெரும்பாலும் பத்து முதல் பதினாறு இதழ்தான், ஆனால் செடிக்குச் செடி மாறும். அடர் ஊதா, இதழ் நெருக்கம், இலைமேல் திட்டுத் திட்டாக மெரூன் கறை, இவை மூன்றும் சேர்ந்திருந்தால் சந்தேகப்படுங்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஆப்பிரிக்க நீல அல்லிகள் சிலவற்றையும் தாவரவியலாளர்கள் நௌச்சாலியின் வகைகளாகவே வைத்திருக்கிறார்கள். கடைக்காரர் அட்டையில் ‘நௌச்சாலி’ என்று எழுதியிருப்பது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனாலும் அது உங்கள் ஊர்ச் செடி ஆகாது.

வன்னிக்குளம்

கரம்பை அண்ணை சொன்ன குழப்பம் எங்கட பக்கம் இன்னும் பெரிசு. இலங்கையில் நீலோற்பலம், அதாவது இந்த நீலாம்பல், 1986-ல் தேசியப் பூவாக அறிவிக்கப்பட்டது. ஆனால் வீட்டு முற்றம், விகாரை, ஹோட்டல் தடாகம் எல்லாவற்றிலும் ‘நில் மானெல்’ (நீலோற்பலத்தின் சிங்களப் பெயர்) என்று வடிவாக நிற்கிற கடும் ஊதாப் பூ உள்ளூர்ச் செடியே இல்லை, வெளியிலிருந்து வந்த கலப்பினம் என்று அங்கத்தைய தாவரவியலாளர்கள் காட்டிவிட்டார்கள். அசல் நௌச்சாலி வெளிறின நிறம், பூவும் சிறிசு. அதனால் ஆட்கள் அதைத் தள்ளிவிட்டு மற்றதை நடுகிறார்கள்.

காய் பிடிக்குதா என்று பாருங்கோ. அசல் நீலோற்பலம் தாராளமாகக் காய்க்கும். கன பூ பூத்தும் ஒரு காய்கூடத் தண்ணிக்குள் போகவில்லையென்றால் அது அநேகமாகக் கலப்பினம்.

புதுமுகம்_தஞ்சை

வெள்ளையாகச் சின்னப் பூ, இதழ் ஓரமெல்லாம் பஞ்சு மாதிரி மயிர், நடுவில் மஞ்சள். இலை உள்ளங்கை அளவு. வாய்க்கால் முழுக்க இருக்கிறது. இது குட்டி அல்லியா?

கரம்பை

இல்லை. அது நிம்ஃபாய்டிஸ், குடும்பமே வேறு. ஐந்து இதழ் இருக்கும், பூக்கள் கொத்தாக இலைக்குக் கொஞ்சம் கீழே காம்பிலிருந்தே கிளம்பும். அல்லிப் பூ ஒவ்வொன்றும் தனித் தண்டில் கிழங்கிலிருந்து வரும். அதுவும் நம் மண்ணின் செடிதான், நல்ல செடி. தொட்டிக்கு அல்லியைவிடச் சுலபம்: கணுவோடு ஓர் இலையை வெட்டிச் சேற்றில் அழுத்தினால் பிடித்துக்கொள்ளும்.

இலையின் அடிப்பக்கம் வெல்வெட் போல மயிர் அடர்ந்து, நரம்புகள் புடைத்து, விளிம்பு கூரான பற்களோடு இருந்தால் அது நிம்ஃபேயா பியூபெசென்ஸ், அதாவது வெள்ளாம்பல். இருட்டும் நேரத்தில் விரிந்து மறுநாள் முற்பகலில் மூடும். கேசர நுனியில் துணுக்கு இருக்காது. பகலில் 12 மணிக்குக் குளத்துக்குப் போய் ‘மொட்டாகவே இருக்கிறது, பூக்கவே மாட்டேன் என்கிறது’ என்று கேட்பவர்கள் பார்ப்பது பெரும்பாலும் இதைத்தான்.

மகரந்தம்

விதை பற்றி விரிவாக எழுதுகிறேன், இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

அல்லிப் பூ முதல் நாள் பெண், அடுத்த நாட்களில் ஆண். முதல் நாள் விரிந்த பூவின் நடுவில் சின்னக் குழி இருக்கும், அதில் தெளிந்த நீர் நிற்கும். அது மழைத்தண்ணீர் இல்லை, செடியே சுரப்பது. மகரந்தம் பூசிய தேனீ அதில் இறங்கினால் மகரந்தம் கழுவப்பட்டுச் சூல்முடியில், அதாவது பெண் உறுப்பின் நுனியில், சேரும். சின்ன வண்டுகள் சில நேரம் அதிலேயே மூழ்கிச் செத்துக் கிடக்கும். அதைப் பார்த்து மருந்து அடிக்க ஓடாதீர்கள். இரண்டாம் நாள் அந்த நீர் வற்றும், கேசரங்கள் உள்பக்கம் மடங்கிக் குழியை மூடும், மகரந்தம் உதிரும். மொத்தம் 3 அல்லது 4 நாள் திறந்து மூடி, பிறகு தண்டு வளைந்து பூ தண்ணீருக்குள் போய்விடும்.

நீலாம்பல் தன் மகரந்தத்தாலேயே காய் பிடிக்கும். பக்கத்துத் தொட்டிகளில் கடை அல்லிகள் இருந்தால் மட்டும், மொட்டு விரிவதற்கு முந்தைய மாலையே கொசுவலைப் பையைப் போட்டுக் கட்டிவிடுங்கள். கூடுதல் உறுதி வேண்டுமானால் வேறொரு அசல் செடியின் இரண்டாம் நாள் பூவிலிருந்து கேசரம் நாலைந்தைக் கிள்ளி, முதல் நாள் பூவின் குழிநீரில் போட்டுவிட்டுப் பையை மறுபடி மூடுங்கள். காலையிலேயே செய்ய வேண்டும்.

பூ தண்ணீருக்குள் போனதும் மல் துணிப் பையைக் காயின் மேல் மாட்டித் தண்டோடு தளர்வாகக் கட்டுங்கள். காய் முற்ற 3 முதல் 4 வாரம் ஆகும். முற்றிய காய் தண்ணீருக்குள்ளேயே பிளந்து குழையும். பை இல்லையென்றால் விதை எல்லாம் வழுவழுப்பான சவ்வோடு மேலே வந்து மிதக்கும், காற்று எங்கே தள்ளுகிறதோ அங்கே ஒதுங்கும், சவ்வு கரைந்ததும் மூழ்கிவிடும். குளம் முழுக்கப் பரவச் செடி கண்ட வழி அது. தொட்டிக்காரருக்குத்தான் ஒரு காலைப் பொழுது தாமதித்தாலும் கையில் ஒன்றும் மிஞ்சாது.

காயை அவசரப்பட்டு அறுத்து எடுத்த விதை வெளுப்பாக இருக்கும், முளைக்காது. முற்றிய விதை கரும்பச்சை அல்லது பழுப்பு, கசகசா அளவு. டீ வடிகட்டியில் போட்டு, சவ்வு போகும்வரை இரண்டு மூன்று நாள் தண்ணீர் மாற்றி மாற்றி அலசுங்கள். அழுகிய சவ்வோடு சேமித்தால் பூசணம் பிடித்து எல்லாம் போகும்.

சேமிக்க இரண்டு வழி. உடனே போடுவதென்றால் தண்ணீரோடு மூடிய பாட்டிலில், இருட்டில். மாதக்கணக்கில் வைப்பதென்றால் நிழலில் ஒரு வாரம் உலர்த்திக் காகித உறையில். கோடையில் வற்றும் குளத்துச் செடி என்பதால் காய்ச்சலைத் தாங்கும். ஒரு வருடத்துக்குள் போட்டுவிடுவது நல்லது.

தொட்டிச்செடி

நன்றி மகரந்தம் சார். முளைக்கப்போடும் முறை? தண்ணீர் எவ்வளவு நிற்க வேண்டும்?

மகரந்தம்

அகலமான பிளாஸ்டிக் டப்பா, உயரம் 10 செ.மீ. போதும். அடியில் 3 செ.மீ. சலித்த களிமண், அதன்மேல் அரை செ.மீ. கழுவிய ஆற்று மணல். விதையைத் தூவுங்கள், புதைக்க வேண்டாம், வெளிச்சம் பட வேண்டும். தண்ணீர் மணலுக்கு மேல் 3 முதல் 5 செ.மீ. வெப்பம் 25 முதல் 30 டிகிரி. நேரடி உச்சி வெயிலில் வைத்தால் இவ்வளவு கொஞ்சத் தண்ணீர் கொதித்துவிடும். காலை வெயில் படும் திண்ணை போதும்.

ஒன்று முதல் மூன்று வாரத்தில் முளைக்கும். முதலில் வருவது நூல் போன்ற இலை, அதைப் பாசி என்று நினைத்து வழித்து எறிந்துவிடாதீர்கள். அடுத்து அம்பு முனை வடிவில் தண்ணீருக்குள்ளேயே இருக்கும் இலைகள். மிதக்கும் இலை அதற்குப் பிறகுதான். மிதக்கும் இலை மூன்று நான்கு வந்து, 1 ரூபாய் நாணய அளவு ஆனதும் 10 செ.மீ. தொட்டிக்கு மாற்றுங்கள். வேர் ஒடியாமல் ஸ்பூனால் மண்ணோடு அள்ளுங்கள்.

இந்தக் கட்டத்தில் கொல்வது இழைப்பாசி. விதைத் தண்ணீரில் உரச்சத்து இருந்தால் பாசி முந்திக்கொண்டு நாற்றைச் சுற்றி இழுக்கும். அதனால்தான் விதை டப்பாவில் உரம், தொழு உரம், மண்புழு உரம் எதுவும் கிடையாது. பாசி வந்துவிட்டால் தண்ணீரில் பாதியை மாற்றி, நிழலைக் கூட்டுங்கள். செப்பு சல்பேட் போடச் சொல்லும் வீடியோக்களை நம்ப வேண்டாம், நாற்றும் சேர்ந்து போகும்.

கரம்பை

பெரிய தொட்டிக்கு வருவோம்.

புது சிமெண்ட்டில் சுண்ணாம்பு கசியும். தண்ணீர் நிரப்பி நாலைந்து நாளுக்கு ஒரு தடவை முழுசாகக் கொட்டி, இப்படி இரண்டு மூன்று வாரம் ஊறவிடுங்கள். சுவரில் வெள்ளைப் படலம் நின்ற பிறகு செடி வையுங்கள்.

செடியை நேரே தொட்டியின் அடியில் நடாதீர்கள். 30 செ.மீ. விட்டம், 18 செ.மீ. உயரமுள்ள அகலப் பேசினில் நட்டு, அதைத் தொட்டிக்குள் இறக்குங்கள். அதில் சுமார் 12 லிட்டர் மண் பிடிக்கும். உரம் வைக்க, கிழங்கு பிரிக்க, தொட்டி கழுவ எல்லாவற்றுக்கும் இது வசதி. ஓட்டை போட்ட பேசின் வேண்டாம், உரம் கசிந்து தண்ணீர் பச்சையாகும்.

மண்: கண்மாய்க் கரம்பை முக்கால் பங்கு, தோட்டத்துச் செம்மண் கால் பங்கு. கரம்பை கிடைக்காவிட்டால் எந்தக் களிமண்ணும் சரி. தென்னை நார்க்கழிவு, பாட்டிங் மிக்ஸ், பெர்லைட் எல்லாம் மிதந்துவிடும். மேலே 2 செ.மீ. மணல் அல்லது சின்னக் கூழாங்கல் போட்டால் மண் கலங்காது, மீன் கிளறாது.

நடும்போது குருத்து மண்மட்டத்தில் தெரிய வேண்டும். புதைந்தால் அழுகும். முதலில் குருத்துக்கு மேல் 5 முதல் 8 செ.மீ. தண்ணீர். இலை மேலே வர வர ஏற்றி, கடைசியில் 20 செ.மீ. அளவில் நிறுத்துங்கள். செங்கல் அடுக்கி அதன்மேல் பேசினை வைத்து, ஒவ்வொரு செங்கலாக எடுப்பது எளிய வழி.

மொட்டை மாடி என்பதால் ஒரு கணக்கு: 60 செ.மீ. விட்டத்தில் 40 செ.மீ. நிரம்பினால் ஏறக்குறைய 113 லிட்டர். மண்ணும் தொட்டியின் எடையும் சேர்ந்தால் 150 கிலோவைத் தாண்டும். ஸ்லாபின் நடுவில் வைக்காமல் சுவர் அல்லது பீம் மேல் வருமாறு வையுங்கள்.

போர் தண்ணீர் லேசான உப்பு என்றால் பரவாயில்லை. வாயில் வைத்தால் கரிக்கும் அளவு என்றால் வேண்டாம், நீலாம்பல் நன்னீர்ச் செடி. ஆவியாகிப் போன தண்ணீரை மறுபடி மறுபடி போர் தண்ணீராலேயே நிரப்பினால் உப்பு சேர்ந்துகொண்டே போகும். மழைக்காலத்தில் ஒருமுறையாவது வழிந்தோட விடுங்கள்.

இயற்கைவேளாண்மை_செல்வி

அடியுரமாக ஈரச்சாணம் ஒரு கூடை போட்டால் போதுமே. மாடு இறங்கிச் சாணம் போடும் குளத்தில்தான் அல்லி கொழுத்து நிற்கிறது. எதற்கு ரசாயன உரம்?

கரம்பை

செல்வி அக்கா, குளத்தையும் 100 லிட்டர் தொட்டியையும் ஒன்றாக வைக்க முடியாது. குளத்தில் சாணம் ஏக்கர் கணக்கான பரப்பில் கரைகிறது, காற்று அலையடிக்கிறது. தொட்டியில் ஈரச்சாணம் மண்ணுக்கு அடியில் மூச்சில்லாமல் புளிக்கும். குச்சியால் குத்தினால் குமிழி வரும், அழுகிய முட்டை நாற்றம் வரும், மண் கன்னங்கரேல் என்று ஆகும். அந்த வாயு இளம் வேரைக் கொல்லும்.

வளர்ந்த அல்லி அதைத் தாங்குவதற்குக் காரணம் அதன் காம்புக்குள் ஓடும் காற்றுக் குழாய்கள். காம்பைக் குறுக்கே வெட்டினால் ஓட்டை ஓட்டையாகத் தெரியும். இலைகள் வழியாகக் காற்று கிழங்குக்கும் வேருக்கும் இறங்கி, வேரைச் சுற்றியுள்ள சேற்றுக்கும் கொஞ்சம் ஆக்சிஜன் கசியும். பத்துப் பன்னிரண்டு இலை உள்ள செடி சமாளிக்கும். மூன்று இலை நாற்றால் முடியாது. எல்லா இலையையும் தண்ணீருக்குள் வைத்தே வெட்டிவிட்டால் கிழங்கு அழுகுவதும் இதே காரணத்தால்தான்.

இயற்கைவேளாண்மை_செல்வி

சரி, காற்றுக் குழாய் விஷயம் ஏற்கிறேன். ஆனால் நன்றாக மட்கிய, ஒரு வருடப் பழைய தொழு உரம்? வாசனையே இல்லாதது?

கரம்பை

அது ஆகும். 12 லிட்டர் மண்ணுக்கு ஒரு லிட்டர் அளவு, பேசினின் அடிப்பாதியில் மட்டும், மேலே 8 செ.மீ. வெறும் களிமண். இரண்டு மூன்று மாதம் அதுவே ஓட்டும். அதற்குமேல் பூ வேண்டுமென்றால் ஏதாவது கொடுத்துத்தான் ஆக வேண்டும். எலும்புத்தூளும் வேப்பம்புண்ணாக்கும் சம அளவு கலந்து, ஒரு கைப்பிடியைக் களிமண் உருண்டைக்குள் வைத்துப் புதைக்கலாம். மெதுவாக வேலை செய்யும். வேப்பம்புண்ணாக்கைத் தண்ணீரில் தூவாதீர்கள், மீன் போய்விடும்.

ரசாயனம் என்றால் 17:17:17 காம்ப்ளக்ஸ், அதாவது தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள உரம். 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன், எலுமிச்சை அளவு களிமண் உருண்டைக்குள் வைத்து நிழலில் ஒரு நாள் உலர்த்தி, பேசின் ஓரமாக, குருத்திலிருந்து 10 செ.மீ. தள்ளி, விரல் நீளம் ஆழத்தில் இரண்டு உருண்டை. மாதம் ஒருமுறை. முதல் உருண்டை மிதக்கும் இலை ஐந்து வந்த பிறகு. டிஏபி வேண்டாம், தண்ணீரில் கசிந்தால் அம்மோனியா ஏறி முதலில் மீன் சாகும்.

தொட்டிச்செடி

சத்துக் குறைவா, அதிகமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மகரந்தம்

புது இலை முந்தைய இலையைவிடச் சிறுத்துக்கொண்டே வந்தால் பட்டினி. பூ நின்று இலை மட்டும் வந்தால் வெயில் குறைவு அல்லது பேசினில் நெருக்கடி. நரம்பு பச்சையாக இருக்க இடைவெளி மட்டும் மஞ்சளானால் கடினத் தண்ணீரில் இரும்புச் சத்து எட்டவில்லை. மழைத்தண்ணீர் கலந்தால் பெரும்பாலும் சரியாகும். இலை ஓரம் கருகி, தண்ணீர் பட்டாணிப் பச்சையானால் உரம் கூடிவிட்டது.

வயதான இலை ஒவ்வொன்றாக மஞ்சளாவது நோய் இல்லை. ஒரு மிதக்கும் இலையின் ஆயுள் மூன்று நான்கு வாரம்தான். காம்போடு அடியில் கிள்ளி எடுங்கள், தொட்டிக்குள் அழுகவிடாதீர்கள்.

கறுப்புப் பிளாஸ்டிக் டப் வைத்திருப்பவர்களுக்கு: சித்திரை வெயிலில் சுவரோரத் தண்ணீர் கையைச் சுடும். மேற்குப் பக்கம் செங்கல் அடுக்கியோ நனைத்த சாக்கு போர்த்தியோ டப்பின் பக்கவாட்டை மட்டும் மறையுங்கள். செடிமேல் நிழல் வலை போட்டால் பூ குறையும்.

புதுமுகம்_தஞ்சை

இலையில் நீள்வட்டமாக வெட்டியது மாதிரி துண்டு காணோம். இலைமேல் கருப்பாகப் பொடிப் பூச்சியும் இருக்கிறது. கொசுவும் வருமே?

கரம்பை

மூன்றும் வேறு வேறு.

துண்டு வெட்டுவது ஒரு அந்துப்பூச்சியின் புழு. வெட்டிய இரண்டு துண்டுகளை ஒட்டிப் பை செய்து அதற்குள் இருந்துகொண்டு மேயும். இலையைத் திருப்பிப் பாருங்கள், அடியில் ஒட்டியிருக்கும் துண்டைப் பிய்த்தால் புழு உள்ளே இருக்கும். கையால் எடுப்பதே போதும்.

பொடிப் பூச்சி அசுவினி. ஹோஸ் தண்ணீரைப் பீய்ச்சினால் கழன்று விழும், மீன் தின்னும். நிறைய இருந்தால் கம்பி வலை ஒன்றை இலைகள் மேல் வைத்து அழுத்தி அரை நாள் மூழ்கடியுங்கள். வேப்பெண்ணெய்க் கரைசல் அடிக்காதீர்கள், தண்ணீர் மேல் எண்ணெய்ப் படலம் நிற்கும், மீனுக்கும் இலைத்துளைக்கும் கேடு.

கொசுவுக்குக் கப்பியும் கம்பூசியாவும் எல்லோரும் சொல்வது. இரண்டும் வெளிநாட்டு மீன். தொட்டி வழிந்து வாய்க்காலுக்குப் போகும் இடமாக இருந்தால் வேண்டாம். நம் வாய்க்கால்களில் நெற்றியில் வெள்ளிப் பொட்டு மின்னும், மேல்மட்டத்திலேயே நீந்தும் விரல் நீளச் சிறுமீன் உண்டு. நாலைந்து போட்டால் புழு மிஞ்சாது. மீன் வேண்டாம் என்றால் பிடிஐ (கொசுப்புழுவைக் கொல்லும் பாக்டீரியா) துகள், அட்டையில் உள்ள அளவுப்படி.

சின்னச் சுருள் நத்தை பயப்பட வேண்டியதில்லை, அழுகியதைத்தான் மேயும். எலுமிச்சை அளவுள்ள பெரிய குளத்து நத்தையை எடுத்துவிடுங்கள், அது குருத்தைத் தின்னும்.

ஊரணிக்காரன்

தொட்டிப் பேச்சுக்கு நடுவே பெரிய கேள்வி ஒன்று. சிவகங்கைப் பக்கம் ஓர் ஊரணி. ஜேசிபி விட்டுத் தூர்வாரிய பிறகு அல்லி ஒன்றுகூட இல்லை, இரண்டு மழைக்காலம் போய்விட்டது. தண்ணீர் நிறைய நிற்கிறது. கிழங்கு வாங்கிப் போட்டால் வருமா?

வண்டல்

கிழங்கு போடுவதற்கு முன் கரையின் சரிவை அளந்து சொல்லுங்கள். பதில் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

நீலாம்பலுக்குத் தோதான ஆழம் 30 செ.மீ. முதல் ஒன்றேகால் மீட்டர் வரை. அதற்கு மேலும் வளர்ந்த செடி சமாளிக்கும், ஆனால் கலங்கல் தண்ணீரில் இரண்டு மீட்டர் அடியில் விதை முளைத்து வெளிச்சம் எட்டிப் பிடிக்காது. தூர்வாரும்போது நடப்பது என்ன? மண் எவ்வளவு எடுத்தார்கள் என்பதை வைத்துத்தான் பில். அதனால் கரையை ஒட்டியே செங்குத்தாக வெட்டி, நடுவிலிருந்து ஓரம்வரை ஒரே ஆழமாக்கிவிடுகிறார்கள். ஒன்றுக்கு ஒன்றரை என்று வெட்டிய சரிவில் 1 மீட்டர் ஆழம் கரையிலிருந்து ஒன்றரை மீட்டரிலேயே வந்துவிடும். ஒன்றுக்கு ஐந்து என்றால் 5 மீட்டர் அகலத்துக்கு அல்லி நிற்க இடம் கிடைக்கும். ஊரணியில் நான்கு பக்கமும் வேண்டாம், வரத்துக்கால் நுழையும் பக்கம் மட்டுமாவது அப்படிச் சாய்த்துக் கொடுங்கள். ஆடு மாடு இறங்கவும் அதுதான் நல்லது.

இரண்டாவது, மேல்மண். விதையும் கிழங்கும் சேற்றின் மேல் 10, 15 செ.மீ. கனத்தில்தான் கிடக்கும். அதைத்தான் வண்டல் என்று முதலில் வயலுக்கு அள்ளிக்கொண்டு போகிறோம். இனி தூர்வாருகிறவர்கள், அல்லி நின்ற இடத்து மேல்சேற்றை மட்டும் தனியாக ஓரத்தில் குவித்து, வேலை முடிந்ததும் சாய்வுப் பக்கத்தில் திரும்பப் பரப்பச் சொல்லுங்கள். இரண்டு டிராக்டர் லோடு போதும். விலைக்கு வாங்கும் எந்தக் கிழங்கும் அதற்கு ஈடாகாது.

ஊரணிக்காரன்

சரிவு கிட்டத்தட்ட ஒன்றுக்கு ஒன்றுதான். மீன்பாசி குத்தகையும் விட்டிருக்கிறார்கள்.

வண்டல்

குத்தகைக்காரர் என்ன குஞ்சு விடுகிறார் என்று கேளுங்கள். புல்கெண்டை விட்டால் அல்லி வைப்பது வீண், தண்ணீருக்குள் இருக்கும் இளம் இலையை முதலில் தின்னும். சாதாக்கெண்டை தின்னாது, ஆனால் சேற்றைக் கிளறி நாற்றைப் பிடுங்கும், தண்ணீரையும் கலக்கி வைக்கும். ஜிலேபி மீனும் கூடு தோண்டும். கட்லா, ரோகு மட்டும் என்றால் கவலை குறைவு. ஊராட்சியில் பேசிக் குத்தகை நிபந்தனையிலேயே புல்கெண்டை கூடாது என்று எழுத வைக்கலாம்.

இருக்கிற நிலையில் செய்யக்கூடியது: கோடையில் தண்ணீர் இறங்கும்போது ஒரு பக்கக் கரையைச் சாய்த்து வெட்டித் தள்ளுங்கள். அந்த மண் உள்ளே விழுந்து திட்டு உண்டாகட்டும், இழப்பதாக நினைக்காதீர்கள். அந்தச் சாய்வில் ஐப்பசி முதல் மழைக்குப் பின், 15 முதல் 20 செ.மீ. தண்ணீர் நிற்கும் நேரத்தில் நடுங்கள். தொட்டியில் வளர்த்த, மிதக்கும் இலை ஐந்தாறு உள்ள செடிதான் தாங்கும். கோணிச்சாக்குத் துண்டில் களிமண்ணோடு பொதிந்து, சணலால் கட்டி, கையால் சேற்றில் அழுத்துங்கள். சதுர மீட்டருக்கு ஒன்று. ஒரே மழையில் ஒரு மீட்டர் தண்ணீர் ஏறினால் சின்னச் செடி மூச்சுமுட்டிப் போகும். அதனால் எல்லாவற்றையும் ஒரே மட்டத்தில் நடாமல் மூன்று மட்டங்களில் பிரித்து வையுங்கள், ஏதாவது ஒரு வரிசை பிழைக்கும்.

சுற்றிலும் மூங்கில் நட்டு மீன்வலை கட்டுங்கள், 2 மீட்டருக்கு 2 மீட்டர். எருமையும் தாழைக்கோழியும் முதல் பருவத்தில் விட்டுவைக்காது. வலையின் அடிக்கயிறு சேற்றில் புதைந்திருக்க வேண்டும், மேலே தண்ணீர்மட்டத்துக்கு மேல் அரை மீட்டர். நீர்ப்பறவை சிக்காத மாதிரி இறுக்கமாக, சின்னக் கண் வலை. இலை படர்ந்த பிறகு வலையை அகற்றாமல் விட்டுவிடுவதுதான் பலர் செய்யும் தவறு, அதில் தண்ணீர்ப் பாம்பும் ஆமையும் மாட்டிச் சாகும்.

வன்னிக்குளம்

ஆகாயத்தாமரை இருந்தால் முதல் அதைத் தூக்குங்கோ. அது மேலே பாய் விரித்த குளத்தில் அல்லிக்கு வெளிச்சமே போகாது. தென்னமெரிக்காவில் இருந்து வந்த சனியன். பூக்க முதல் இழுத்துக் கரையில் காய விடுங்கோ, விதை விழுந்தால் கன வருசம் சேற்றில் கிடந்து முளைக்கும்.

ஊரணிக்காரன்

பக்கத்து மாவட்டத்தில் ஒரு பறவைகள் சரணாலயத்தில் அருமையான நீலாம்பல் நிற்கிறது. அங்கிருந்து நாலு கிழங்கு எடுத்தால்?

வண்டல்

கூடவே கூடாது. சரணாலயத்துக்குள் செடி பிடுங்குவது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நீளவால் இலைக்கோழி முட்டை இடுவது அந்த இலைகள் மேல்தான்.

உங்கள் ஊரணிக்குத் தண்ணீர் வரும் அதே கால்வாயில் மேலே உள்ள கண்மாய்களைப் பாருங்கள். எங்காவது ஒரு மூலையில் நிற்கும். ஊரணி ஊராட்சியின் பொறுப்பு, பெரிய கண்மாய் நீர்வளத்துறையின் பொறுப்பு, யாருடையதோ அவர்களிடம் சொல்லிவிட்டு எடுங்கள். கிழங்கைவிடக் காய் எடுப்பது மேல். ஒரு காயிலேயே விதை நூற்றுக்கணக்கில் இருக்கும், தாய்ச்செடிக்குச் சேதம் இல்லை. நர்சரி அல்லியை மட்டும் பொது நீர்நிலையில் இறக்கிவிடாதீர்கள். இலையிலிருந்தே குட்டி போடும் ரகம் ஒன்று உள்ளே போனால் பிறகு பிரிக்க முடியாது.

படிக்கட்டு கட்டிய கோயில் தெப்பக்குளமாக இருந்தால் சேறே இருக்காது. அங்கே அகலமான சிமெண்ட் தொட்டிகளில் நட்டுக் கீழ்ப்படிகளில் வைப்பதுதான் வழி.

தொட்டிச்செடி

என் கேள்வியில் மிச்சம் இரண்டு. விதையிலிருந்து பூ வர எவ்வளவு காலம்? கோடையில் ஊருக்குப் போனால் தொட்டி வற்றினால் செடி போய்விடுமா?

மகரந்தம்

தை, மாசியில் விதைத்தால் வெயில் காலம் முழுதும் கிடைக்கும். ஐந்து ஆறு மாதத்தில் பூ எதிர்பார்க்கலாம். மார்கழிக் குளிரில் விதைத்தால் முளைப்பதற்கே இழுக்கும். சின்னத் தொட்டியிலேயே நெருக்கி வைத்தாலும் பூக்கும், ஆனால் பூ சிறுத்துவிடும்.

வற்றுவதைப் பொறுத்தவரை, கிழங்கு கட்டிய செடி பிழைக்கும், அந்த வருடத்து நாற்று பிழைக்காது. போவதற்கு ஒரு மாதம் முன்பே உரத்தை நிறுத்தி, தண்ணீரை மெதுவாக இறங்க விடுங்கள். இலை காய்ந்ததும் பேசினை நிழலுக்கு மாற்றி, மண் கல்லாக இறுகாத அளவு ஈரச்சாக்கால் மூடுங்கள். சடாரென்று வற்றவிட்டால் கிழங்கு கட்ட நேரம் கிடைக்காது.

திரும்ப எழுப்பும்போது ஒரு வித்தை உண்டு. கிழங்கிலிருந்து முளை கிளம்பி, மண்மட்டத்தில் இலையும் வேரும் விட்டதும் அந்தச் செடியைக் கிழங்கிலிருந்து மெதுவாகத் திருகி எடுத்துத் தனியே நடலாம். கிழங்கு மறுபடி இன்னொரு முளை விடும். கிழங்கு கெட்டியாக இருக்கும்வரை இப்படி எடுக்கலாம். அமுக்கினால் மெத்தென்று இருப்பதைத் தூக்கி எறியுங்கள், நாறும் கிழங்கை மற்றவற்றோடு ஒரே தண்ணீரில் வைக்காதீர்கள்.

புதுமுகம்_தஞ்சை

வெள்ளாம்பலுக்கும் இதே முறைதானா?

கரம்பை

முறை அதே, அளவு வேறு. அதன் இலை கால் மீட்டருக்கு மேல் போகும், 60 செ.மீ. தொட்டியில் இரண்டு மூன்று இலைக்கே இடம் தீர்ந்துவிடும். குறைந்தது ஒன்றேகால் மீட்டர் விட்டம், 30 லிட்டர் மண். விதை நீலாம்பலைவிடப் பெரியது, முளையும் தடித்து வரும். அதனால் பாசியோடு போட்டி போடத் தெரிந்தது.

வன்னிக்குளம்

அந்த விதைதான் எங்கட பக்கம் ஓலு அரிசி என்று சோறாக்குகிறது. நீலோற்பலத்தில் அவ்வளவு தேறாது.

தொட்டிச்செடி

அருமை. மேலே உள்ள கண்மாயில் காய் கிடைத்தால் மிச்ச விதையை இங்கே யாருக்காவது அனுப்பலாமா?

வண்டல்

ஒரே ஆற்றுப்படுகைக்குள் இருப்பவர்களுக்கு அனுப்புங்கள். வைகைப் பக்கத்து விதையைப் பாலாற்று ஏரியில் கலக்க வேண்டிய தேவை இல்லை. வீட்டுத் தொட்டிக்கு என்றால் எங்கே வேண்டுமானாலும் போகலாம். உறையில் எந்தக் கண்மாய், எந்த மாதம் எடுத்தது, பூவின் நிறம், பை கட்டி எடுத்ததா கட்டாமல் எடுத்ததா, நான்கையும் எழுதுங்கள். ஈரமாக அனுப்புவதாக இருந்தால் தபாலில் நசுங்காத சின்ன மருந்துப் பாட்டிலில், தண்ணீர் முக்கால் அளவு.